ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: எந்தக் காகிதம் முதலில்?

ஜெர்மனியில் போய் இறங்கிய முதல் மூன்று வாரங்கள் எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காத்திருந்தேன். ஒருநாள் பக்கத்து அறைக்காரர் கேட்டார்: "தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிட்டீர்களா?" ஒட்டவில்லை. முகவரி சரியாக இருந்தால் போதாதா என்று நினைத்திருந்தேன். போதாது. அங்கே பெரும்பாலான அடுக்கு வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். என் கடிதங்கள் மூன்றும் அப்படித்தான் திரும்பியிருந்தன.

அதனால் புதிதாகக் கிளம்புகிறவர்கள் குளிர் உடையைப் பற்றிக் கேட்டால்கூட நான் காகிதங்களின் வரிசைக்குத்தான் பேச்சைக் கொண்டுபோகிறேன். அங்கே ஒரு காகிதத்தைக் காட்டினால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். வீட்டு முகவரியைக் காட்டிப் பதிவு. பதிவைக் காட்டி வங்கிக் கணக்கு. வங்கிக் கணக்கைக் காட்டி மாதப் பணம். இவை எல்லாவற்றையும் காட்டித் தங்கும் அனுமதி. நடுவில் ஒன்று நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். யாரும் கூப்பிட்டு நினைவூட்ட மாட்டார்கள்.

இந்தியாவில் இளங்கலை முடித்து முதுகலைக்காகச் செல்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு படி கூடுதல். அதற்கும் ஒரு பத்தி உண்டு.

ஓராண்டுக்கு முன்பே

குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும். ஆள் சேர்ப்பு பெரும்பாலும் குளிர்கால செமஸ்டருக்குத்தான். ஜூலை 15 என்று ஒரு கடைசித் தேதியைப் பலரும் சொல்வார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் விண்ணப்பிக்கும் பல முதுகலைப் படிப்புகள் மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே கதவைச் சாத்திவிடும். விசாவுக்கு ஆகும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரியின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே இந்த வேலையும் தொடங்கியாக வேண்டும்.

படிப்பைத் தேட இரண்டு தரவுத்தளங்கள் போதும். ஒன்று, 1925இல் தொடங்கப்பட்ட டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்துவது. மற்றொன்று ஹோக்ஷூல்கோம்பாஸ். இரண்டும் இலவசம். மொழி, நகரம், கட்டணம், கடைசித் தேதி என்று பிரித்துத் தேடலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "இலவச ஆலோசனை" தருகிற முகவர்களின் பேச்சு, தரகு கொடுக்கும் தனியார் கல்லூரிகளின் பக்கம் மெல்ல நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அரை நாள் உட்கார்ந்தால் நீங்களே செய்துவிடக்கூடிய வேலைக்கு முகவர் எதற்கு?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்திருக்கிறது. கட்டணமே இல்லாத இடத்திலும் "செமஸ்டர் பங்களிப்பு" என்று ஒரு தொகை உண்டு. ஊரைப் பொறுத்து நூறு யூரோவிலிருந்து நானூறு வரை போகும். பல இடங்களில் அதற்குள்ளேயே பஸ், ரயில் பயணச்சீட்டும் அடங்கிவிடும்.

பட்டியலில் ஹோக்ஷூலே என்ற சொல்லைப் பார்த்ததும் ஹைஸ்கூல் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது செயல்முறைக் கல்விக்கு முதலிடம் தரும் உயர்கல்வி நிறுவனம். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் பல்கலைக்கழகம் பொருந்தும். படிப்பு முடிந்ததும் தொழிற்சாலைக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ போவதுதான் திட்டம் என்றால் ஹோக்ஷூலே எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இந்தியாவில் படித்தவர்களின் மாணவர் விசாவுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் தேவைப்படுகிறது. உங்கள் மதிப்பெண் சான்றுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் காகிதம் அது. கட்டணம் 18,000 ரூபாய். பல்கலைக்கழகங்களும் விண்ணப்பத்தோடு இதைக் கேட்பதால், செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே. இது கைக்கு வரும்வரை மற்றவை ஊர்ந்துதான் நகரும்.

மதிப்பெண் மாற்றத்தைப் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. மாற்றும் முறை இது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். உச்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுங்கள். வந்ததை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு எட்டு வாங்கிய ஒருவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 5 என்றால் 2.2 வரும், 4 என்றால் 2.0 வரும். அதே எட்டுதான், ஆனால் கணக்கு மாறிவிடுகிறது. பல படிப்புகள் 2.5க்குள் கேட்கும்போது இந்தப் புள்ளிகள் பெரிய விஷயம். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுத் துறையிடம் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களைச் சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும். பல பல்கலைக்கழகங்கள் ஊனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக வாங்கும். அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கான அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சரிபார்க்கவே பல வாரங்கள் ஆகும் என்பதால் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

ஆங்கிலத்திலேயே முழுப் படிப்பும் இருக்கும்போது ஜெர்மன் எதற்கு என்று கேட்பார்கள். வகுப்பறைக்குள் தேவைப்படாமல் போகலாம். பதிவு அலுவலகத்தின் கவுன்டரில், வீட்டுக்காரரிடம், மருத்துவமனை வரவேற்பில் தேவைப்படும். பகுதிநேர வேலைக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். விமானம் ஏறும் முன் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலையையாவது முடித்துவிடுங்கள். போன பிறகு படிக்கலாம் என்று சொன்ன யாரும் முதல் செமஸ்டரில் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. நானும் திறக்கவில்லை.

பிளஸ் டூ முடித்தவர்கள்: அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர்வது பொதுவாக முடியாது. ஸ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பை முடித்துத் தேர்வு எழுத வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி பெற்றவர்களும், இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்தவர்களும் தொடர்புடைய பாடங்களில் நேரடியாகச் சேர வழி உண்டு.

முடக்கிய பணம், முடங்காத பணம்

விசாவுக்கு உங்களால் ஓராண்டு செலவைச் சமாளிக்க முடியும் என்று காட்ட வேண்டும். பலரும் தேர்ந்தெடுக்கும் வழி ஸ்பெர்கோன்டோ என்ற முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் அதற்கான தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. பணம் உங்களுடையதுதான், மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். விண்ணப்பிக்கும் முன் அன்றைய தொகையைத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடங்களில் கால் வழுக்கும். 992 யூரோ எல்லா ஊருக்கும் போதும் என்று நினைப்பது முதலாவது. லைப்சிக், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் சமாளிக்கலாம். மியூனிக்கில் வாடகையே அதில் பெரும்பாதியை விழுங்கிவிடும். இரண்டாவது, இறங்கிய மறுநாளே அந்தப் பணம் கிடைக்கும் என்று நினைப்பது. ஜெர்மன் வங்கிக் கணக்கு திறந்து, முடக்கக் கணக்கை இயக்கிய பிறகுதான் முதல் தவணை வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, காப்பீடு எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடும். முடக்கிய தொகைக்கு வெளியே குறைந்தது 2,000 யூரோ கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே கடன் கேளுங்கள்.

விசாக் கட்டணம் 75 யூரோ. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். விசா கைக்கு வந்ததும் பெயரையும் தேதிகளையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தலைவலி நினைவுக்கு வருகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஆனால் இணையப் படிவங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. உடனே ஒரு படிவத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் சொந்தப் பெயரே இருமுறை, மூன்றாவதில் ஒரு புள்ளி என்று எதையாவது நிரப்புவோம். பிறகு வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பல்கலைக்கழகமும் உங்களை மூன்று ஆட்களாக எண்ணிக்கொள்ளும். நேரம் இருந்தால், முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து எழுதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். தபால் பெட்டியில் ஒட்டுவதும் அந்தப் பெயரைத்தான்.

பட்டச் சான்று, மதிப்பெண் சான்றுகள், ஏபிஎஸ், பிறப்புச் சான்று ஆகியவற்றின் அசல் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போடவே போடாதீர்கள்.

அறை தேடுதல்

எல்லாவற்றிலும் கடினமான வேலை இதுதான். படிப்பில் இடம் கிடைத்தும் அறை கிடைக்காமல் நண்பர்களின் தரையில் ஒரு மாதம் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மலிவானது மாணவர் விடுதி. அதை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. நாடு முழுவதும் இப்படி 57 அமைப்புகள் இருக்கின்றன. சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு அங்கே பெயர் கொடுங்கள். சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே பெயரைப் பதிய விடும் ஊர்களும் உண்டு. பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும்.

அடுத்தது வேகே. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கொரு அறையாக இருப்பது. அறை காலியானால் புதியவரைத் தேர்ந்தெடுப்பது அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள். சமையலறையில் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம்தான். விசாரணைக் கடிதத்தில் "அன்புள்ள ஐயா, அறை காலியாக உள்ளதா" என்று நாலு வரி எழுதினால் பதில் வராது. என்ன படிக்கப் போகிறீர்கள், சமைப்பீர்களா, சத்தம் பிடிக்குமா பிடிக்காதா, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று உங்களைப் பற்றி எழுதுங்கள். விளம்பரத்தில் அவர்கள் சொன்ன ஏதோ ஒன்றைக் குறிப்பிட்டால், முழுதும் படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வார்கள்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டே என்றால் குளிர் வாடகை: அறைக்கு மட்டும். வார்ம்மீட்டே என்றால் சூடாக்கும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது. இதிலும் மின்சாரமும் இணையமும் தனியாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணமாக மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. தனி வீடு எடுக்கிறவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்: சமையலறை என்று காட்டும் அறையில் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் இணைப்பு மட்டுமே இருக்கலாம். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார்.

மோசடி ஒரே மாதிரியாகத்தான் வரும். ஊர் நடுவில் அழகான வீடு, பாதி வாடகை. உரிமையாளர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். சாவி வராது. நேரில் நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

எந்த அறையாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாடகைக்கும் முன்னால் கேட்க வேண்டியது: "இங்கே அன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு, செய்ய முடியுமா?" முடியாது என்றால் அந்த அறை தற்காலிகத் தங்கலுக்கு மட்டும்தான் உதவும். ஏன் என்பது இனி வரும்.

இறங்கிய முதல் இரண்டு வாரங்கள்

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதீர்கள். அன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகளைத் தவிர. அக்டோபர் 3 ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள். அன்றும் அதே கதைதான். செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே வருவதால் பலர் பசியோடு இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

சாவி வாங்கியதும் பெட்டியில் பெயர். பிறகு அன்மெல்டுங் பதிவு. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், விசா, படிவம் இவற்றோடு, நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட காகிதமும் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். உச்சரிக்கப் பழகுவதற்குள் பதிவே முடிந்துவிடும். எழுதிக் காட்டினால் போதும். வாடகை ஒப்பந்தத்தை இதற்குப் பதிலாக ஏற்க மாட்டார்கள். பெர்லின் போன்ற ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அப்படியானால் முன்பதிவு செய்ததைக் காட்டும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். காலையில் தளத்தைத் திறந்தால், யாராவது ரத்து செய்த இடம் கிடைப்பதும் உண்டு.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், பின்னால் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்படும். நம் ஊர் கிறிஸ்தவ மாணவர்கள் பலருக்குச் சம்பளச் சீட்டைப் பார்க்கும்வரை இது தெரிவதில்லை. எழுதுவதும் எழுதாததும் அவரவர் முடிவு. தெரிந்து எழுதுங்கள் என்கிறேன்.

பதிவுச் சான்று கையில் வந்துவிட்டால் மற்றவை நகரத் தொடங்கும். பல வங்கிகள் கணக்கு திறக்க அதைக் கேட்கும். கணக்கு எண் வந்ததும் முடக்கக் கணக்கு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மாதப் பணம் வரத் தொடங்கும். பதினோரு இலக்க வரி எண் சில வாரங்களில் தபாலில் தானாக வரும். வாழ்நாள் முழுதும் மாறாத எண் அது. தொலைத்துவிடாதீர்கள். ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டும் ஒரு கடிதம் வரும். என்னிடம் தொலைக்காட்சியே இல்லையே என்று பதில் எழுதிப் பயனில்லை, வீட்டுக்கு ஒன்று என்பது விதி. வேகேயில் ஏற்கெனவே ஒருவர் கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பி, தொகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

தங்கும் அனுமதிக்கு ஆவுஸ்லேண்டர்பெஹோர்டே என்ற வெளிநாட்டவர் அலுவலகம். விசா முடிய மாதக்கணக்கில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே நேரம் கேளுங்கள். விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை நீங்கள் சட்டப்படிதான் தங்கியிருக்கிறீர்கள்; அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் தருவார்கள். முடிந்த மறுநாள் விண்ணப்பித்தால் கதை வேறு.

காப்பீடு

காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவே நடக்காது. முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம். மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. இந்தியாவிலிருந்தே விண்ணப்பித்துவிடலாம். நீங்கள் காப்பீடு பெற்றிருப்பதை அந்த நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தெரிவித்துவிடும். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். ஆனால் மாணவராகச் சேரும்போது பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அந்த முடிவை மாற்ற முடியாது. முப்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாரைத் தவிர வேறு வழி குறைவு. மற்றவர்களுக்கு நான் பொதுக் காப்பீட்டைத்தான் சொல்வேன்.

வகுப்பறையில்

முதல் நாள் பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பதுக்கே போய் உட்கார்ந்தேன். அறையில் யாருமில்லை. அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடக்கம் என்று பொருள். எஸ்.டி. என்றிருந்தால் சொன்ன நேரத்துக்குச் சரியாக. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எதிர்ப்பு தெரிவிக்கிறார்களோ என்று பயந்துபோனேன். அதுதான் அங்கே கைதட்டல்.

பல பாடங்களில் வருகைப்பதிவு கிடையாது. உள்தேர்வு மதிப்பெண், அசைன்மென்டுக்கு ஐந்து என்றெல்லாம் கைகொடுக்க எதுவும் இல்லை. செமஸ்டர் கடைசியில் ஒரே தேர்வு, அதுவே முழு மதிப்பெண். இந்தச் சுதந்திரம் முதல் இரண்டு மாதங்கள் இனிக்கும். ஜனவரியில்தான் உண்மை தெரியும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது வழக்கம். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஐந்து கிரெடிட் பாடத்துக்கு வாரம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு என்றால், மீதி உழைப்பை நீங்கள் தனியே உட்கார்ந்து செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். விரிவுரையோடு ஊபுங் என்ற பயிற்சி வகுப்பு இருக்கும். விரிவுரையைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடாதீர்கள். தேர்வு வினாக்கள் அந்தப் பயிற்சிக் கணக்குகளின் சாயலில்தான் இருக்கும்.

தேர்வுக்கு நீங்களே இணையத்தில் பெயர் பதிய வேண்டும். பாடத்தில் சேர்ந்தது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பதிவுக்குச் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். மூடிய பிறகு பேராசிரியரே நினைத்தாலும் பெரும்பாலும் முடியாது. பதிந்துவிட்டு எழுத விருப்பமில்லையென்றால் விலகுவதற்கும் ஒரு தேதி உண்டு. அதற்குப் பிறகு எழுதாமல் விட்டால் 5.0, அதாவது தோல்வி. தேர்வன்று உடம்பு சரியில்லையென்றால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது: ஒரு தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பழக்கம் அங்கே செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள். அதே படிப்பில் நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்வதும் பொதுவாக முடியாமல் போகும். தயாராகாமல் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்" என்று உட்கார்ந்தால் மூன்றில் ஒன்று போய்விட்டது. உங்கள் படிப்புக்கான தேர்வு ஒழுங்குமுறை ஆவணம் துறையின் தளத்தில் இருக்கும். வறண்ட ஆவணம்தான், இருந்தாலும் முதல் மாதத்திலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. முடிவு வந்த பிறகு திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கலாம். அதற்கென்று ஒரு நாள் அறிவிப்பார்கள். தேர்ச்சி பெற்றிருந்தாலும் போய்ப் பாருங்கள். கூட்டலில் விட்ட மதிப்பெண் கிடைத்தவர்கள் உண்டு. ஒவ்வொரு துறையிலும் ஃபாக்ஷாஃப்ட் என்ற மாணவர் குழு இருக்கும். பழைய வினாத்தாள்கள் அவர்களிடம் கிடைக்கும். காபியும் மலிவு.

மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வதை அங்கே கள்ளத்தனமாகவே பார்க்கிறார்கள். இணையத்திலிருந்து நான்கு வரி எடுத்தாலும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்பதற்கு அலுவல் நேரம் உண்டு, தயங்க வேண்டாம். மின்னஞ்சலை மட்டும் நாலு பத்தி வணக்கத்தோடு தொடங்காமல் நேராக விஷயத்துக்கு வாருங்கள். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலை

2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற கணக்கிலும் எண்ணிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்துக்குள் பேராசிரியரிடம் பார்க்கும் உதவியாளர் வேலை இந்த எண்ணிக்கையில் சேராது. அதைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும். ஊரில் இருக்கும் நிறுவனத்துக்கு இரவில் இணையவழி ஃப்ரீலான்ஸ் வேலை செய்வதும் அதில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் செமஸ்டரில் வேலைக்கே போகாமல் இருக்கப் பண வசதி இடம் கொடுத்தால் போகாதீர்கள். முதல் தேர்வுகள் முடிந்தால்தான் உங்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது தெரியும். படிப்பு முடிந்த பிறகு தகுதிக்கேற்ற வேலை தேட 18 மாதங்கள் வரை தங்கும் அனுமதி கிடைக்கும். அந்தக் கதவு திறக்க முதலில் பட்டம் வேண்டும்.

இன்னும் சில

யாராவது "ஹால்ப் ட்ரை" என்று நேரம் சொன்னால் அது மூன்றரை அல்ல, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. அலுவலகச் சந்திப்பு ஒன்றுக்கு நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். எழுதித் தரச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் உள்ள எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். கைபேசிக்கு 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் முன்கட்டண சிம் வாங்குங்கள். நாடு தழுவிய மாதப் பயணச்சீட்டான டாய்ச்லண்ட் டிக்கெட்டில் விரைவு ரயில்களான ஐசிஇ, ஐசி ஆகியவற்றில் ஏற முடியாது. டிக்கெட் சந்தா முறையில் இருப்பதால், நிறுத்த வேண்டுமானால் மாதத்தின் பத்தாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112, காவல்துறைக்கு 110. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரவில் மருத்துவர் வேண்டும் என்றால் 116117.

டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காரணமில்லாமல் எதிலும் மனம் ஒட்டாத நாட்கள் அப்போது வரும். நான் அதைச் சோம்பல் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் வெளியே நடக்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் சரியானது. அதிலும் சரியாகாவிட்டால் ஸ்டூடியரெண்டன்வெர்க்கில் மாணவர்களுக்கான மனநல ஆலோசனை உண்டு. போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தேர்வுக் கவலையில் எல்லோரும் மறப்பது ரியூக்மெல்டுங். அடுத்த செமஸ்டருக்கான பங்களிப்பைக் குறித்த தேதிக்குள் கட்டி மறுபதிவு செய்வது. அது பெரும்பாலும் முந்தைய செமஸ்டரின் தேர்வுக் காலத்தையொட்டியே வரும். கட்டாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். மாணவர் என்ற நிலை போனால் தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். அதே சமயத்தில் அறை மாறுகிறீர்கள் என்றால் இரண்டு வாரக் கணக்கு மறுபடி தொடங்கும்: புதிய வீட்டுக்காரரின் கையெழுத்து, புதிய பதிவு, வங்கிக்கும் காப்பீட்டுக்கும் புதிய முகவரி. பெயர்ச்சீட்டு ஒன்றைக் கூடுதலாக அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.